சைமனைக் கொன்றது யார்? ‘லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்’ நாவலில் பொறுப்பு யாருக்கு எவ்வளவு?

குறுந்தாடி

வில்லியம் கோல்டிங்கின் இந்த நாவலைப் பற்றி வருகிற பதிவுகளில் பாதிக்கு மேல் ஒரே தீர்ப்புதான். ஜாக் கெட்டவன், ரோஜர் அவனைவிடக் கெட்டவன், ரால்ஃபும் பிக்கியும் நல்ல பிள்ளைகள், சைமன் பலியாடு. 1954இல் வந்த புத்தகம், ஆளில்லாத் தீவில் மாட்டிக்கொண்ட பிரிட்டிஷ் பள்ளிப் பையன்களின் கதை. ரால்ஃப் தேர்தலில் ஜெயித்த தலைவன், பிக்கி அவன் நண்பன், ஜாக் பிரிந்துபோன வேட்டைக் கூட்டத்தின் தலைவன், ரோஜர் அவன் ஆள். எழுபது வருஷமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

9ஆம் அத்தியாயத்தை மட்டும் மறுபடி எடுத்துப் படியுங்கள். சைமன் சாகிற நேரத்தில் ரால்ஃபும் பிக்கியும் அங்கேதான் இருக்கிறார்கள். ஜாக் போட்ட விருந்துக்குத் தாங்களாகவே போகிறார்கள், அவன் கொடுத்த பன்றிக்கறியைத் தின்கிறார்கள், மழை இறங்கப்போகிற நேரத்தில், பன்றி வேட்டையை நடித்து ஆடுகிற ஆட்டத்தில் சேர்ந்துகொள்கிறார்கள். கையைப் பிடித்து இழுத்தவர் யாருமில்லை.

என் கேள்வி இதுதான். பெரியவர்களே இல்லாத தீவில், ஆறு வயசிலிருந்து பன்னிரண்டு வயசு வரைக்குமான பையன்கள் கும்பலாகச் செய்த கொலையில் யாருக்கு எவ்வளவு பொறுப்பு? மனித மனத்தின் இருட்டு என்று பொத்தாம்பொதுவாக முடிக்காமல், காட்சியை வைத்துப் பேசுவோம். நாவல் படிக்காதவர்கள் இங்கேயே நின்றுவிடுவது நல்லது, முடிவு வரைக்கும் எல்லாமே வெளிவரும்.

மேகலா

நல்ல கேள்வி. அப்படியானால் வரிசையைச் சரியாகப் பிடித்துக்கொள்வோம், ஏனென்றால் பொறுப்பு முழுக்க அந்த வரிசையில்தான் இருக்கிறது.

முதலில் ஆட்டம் தானாகத் தொடங்கவில்லை. விருந்து முடிந்ததும் யார் தலைவன் என்று ரால்ஃபுக்கும் ஜாக்குக்கும் வாக்குவாதம். வானம் கறுக்கிறது. புயல் வரப்போகிறதே, உங்களிடம் குடிசை இருக்கிறதா, இப்போது யார் புத்திசாலி என்று ரால்ஃப் குத்திக்காட்டுகிறான். வேட்டைக்காரப் பையன்கள் வானத்தைப் பார்த்து நெளிகிறார்கள். அந்தப் பயத்தை அடக்கத்தான் ஜாக் எல்லோரையும் ஆடச் சொல்கிறான். ரால்ஃப் சொன்னது நியாயமான பேச்சு, ஆனால் சொன்ன நேரம் அப்படி.

அடுத்தது ரோஜர். ஆட்டத்தில் முதலில் அவன்தான் பன்றி. வட்டத்துக்கு நடுவே உறுமிக்கொண்டு ஜாக்கை முட்ட வருகிறான். கொஞ்ச நேரத்தில் பன்றி வேஷத்தை விட்டுவிட்டு அவனும் வேட்டைக்காரனாகி வட்டத்தில் சேர்ந்துவிடுகிறான். நடு இடம் காலியாகிவிடுகிறது. கொல்லு, குத்து என்ற பாட்டு மட்டும் ஓடுகிறது, குத்த ஆள் இல்லை. காட்டிலிருந்து சைமன் ஊர்ந்து வருவது அந்தக் காலி இடத்துக்குள்.

இதற்கு முன்னால் 7ஆம் அத்தியாயத்தில் ஒத்திகையே நடந்துவிட்டது. ராபர்ட் என்ற பையனைப் பன்றியாக வைத்து விளையாடுகிறார்கள், அவனுக்கு நிஜமாகவே வலித்து அழுகிறான். அந்தக் கும்பலில் ரால்ஃபும் இருக்கிறான். நசுக்க வேண்டும், நோகடிக்க வேண்டும் என்ற வெறி அவனையும் ஆட்கொண்டதாகக் கோல்டிங் நேராகவே எழுதுகிறார். முடிந்ததும் அடுத்த முறைக்கு நிஜப் பன்றி வேண்டும் என்று ஒருவன் சொல்ல, பொடிசு ஒன்றைப் பிடித்துக்கொள்ளலாமே என்கிறான் ஜாக். எல்லோரும் சிரிக்கிறார்கள்.

நத்தை

இவ்வளவு தூரம் பிரிக்கணுமாங்க? இருட்டு, இடி, மின்னல், பயம். மலை மேல மிருகம் இருக்குன்னு நடுங்கிட்டு இருக்கிற சின்னப் பசங்க. காட்டுக்குள்ளிருந்து ஏதோ ஊர்ந்து வருது, அடிச்சிட்டாங்க. இதைக் கொலைன்னு சொல்றதே எனக்கு ஒரு மாதிரி இருக்கு. பெரியவங்களா இருந்தாலும் அந்த நிலைமையில அடிச்சிருப்பாங்க.

மேகலா

நத்தை, பயம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பத்தியில் ஒரு இடம் இருக்கிறது, எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். சைமன் வட்டத்துக்குள்ளேயே சாகவில்லை. மண்டியிட்டு, கையால் முகத்தை மறைத்துக்கொண்டு, மலை மேல் ஒரு பிணம் கிடக்கிறது (பையன்கள் மிருகம் என்று பயந்தது அதைத்தான்) என்று கத்திக்கொண்டே வட்டத்தை உடைத்து வெளியே போய், பாறை விளிம்பிலிருந்து கடலோர மணலில் விழுகிறான். அதாவது தப்பித்துவிட்டான். கூட்டம் பாறையிலிருந்து குதித்து இறங்கித் துரத்திப் போய்த்தான் கொல்கிறது. அடி மட்டும் இல்லை, கடிக்கிறார்கள், பிய்க்கிறார்கள்.

பயந்தவன் பயமுறுத்துகிற பொருள் ஓடிப்போனால் விட்டுவிடுவான். வட்டத்துக்குள் விழுந்த முதல் அடியைப் பயத்தின் கணக்கில் வைக்கலாம். கீழே குதித்ததைப் பயத்தின் கணக்கில் வைக்க முடியவில்லை.

முன்சீப்

சட்டப் பக்கம் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பலர் இன்றைய சட்டத்தை வைத்து இந்த நாவலைப் பேசுகிறார்கள்.

தீவு எந்த நாட்டுக்குச் சொந்தம் என்று தெரியாவிட்டாலும் விசாரணைக்கு வழி உண்டு. 1861ஆம் ஆண்டின் உடல்சார் குற்றச் சட்டம் 9ஆம் பிரிவின்படி, பிரிட்டிஷ் குடிமகன் வெளிநாட்டு நிலத்தில் செய்த கொலையை இங்கிலாந்தில் விசாரிக்கலாம்.

வயது: 1933ஆம் ஆண்டு சிறார் சட்டத்தின்படி எட்டு வயதுக்குக் கீழே குற்றப்பொறுப்பே கிடையாது. நாவல் வந்தபோது இதுதான் நடைமுறை. 1963இல்தான் அதைப் பத்தாக உயர்த்தினார்கள். ஆகவே பொடிசுகள் எல்லோரும் கணக்கிலேயே இல்லை. எட்டிலிருந்து பதினான்கு வரை உள்ளவர்களுக்கு, குற்றம் புரியும் மனப்பக்குவம் இல்லை என்பது ஆரம்ப அனுமானம். அதை உடைக்க வேண்டியது அரசுத் தரப்பு. செய்தது வெறும் குறும்பு இல்லை, பெரிய தவறு என்று அந்தக் குழந்தைக்கு அப்போதே தெரிந்திருந்ததாகத் தனியாக நிரூபிக்க வேண்டும். ஓடி ஒளிந்தான் என்பது மட்டும் அதற்குப் போதாது, குறும்பு செய்த பிள்ளையும் ஓடி ஒளிவான். இந்த அனுமானத்தை 1998இல் ஒழித்துவிட்டார்கள், அதனால் இன்றைக்கு இங்கிலாந்தில் பத்து வயதுப் பையன் நேராகக் குற்றவாளிக் கூண்டுக்குப் போகலாம். 2024 வரை நடைமுறையில் இருந்த நம் இந்திய தண்டனைச் சட்டத்தின் 82, 83ஆம் பிரிவுகளும் இதே பாணிதான், அங்கே எல்லை ஏழும் பன்னிரண்டும்.

அடுத்து மனநிலை. வந்தது மிருகம் என்று நிஜமாகவே நம்பியிருந்தால் மனிதனைக் கொல்லும் எண்ணம் இல்லை, ஆகவே கொலைக்குற்றம் நிற்காது. மேகலா சொன்ன அந்த இரண்டாம் கட்டம் முக்கியமாவது இங்கேதான். மணலுக்கு இறங்கிய பிறகும் நம்பினார்களா? மழை கொட்டிக் கும்பல் விலகியதும், அந்த மிருகம் எவ்வளவு சின்னது என்று அவர்களுக்குத் தெரிந்ததாகக் கதைசொல்லி சொல்கிறார். ஆனால் அது அடி நின்ற பிறகு.

குறுந்தாடி

முன்சீப் சார், இதில் ஒரு நுட்பம். கொலை நடக்கும்போது கதைசொல்லியும் சைமன் என்ற பெயரை ஒரே ஒரு முறைதான் சொல்கிறார். மற்றபடி மிருகம் என்றேதான் எழுதிக்கொண்டு போகிறார். சைமன் என்ற பெயர் திரும்புவது கடல் அவன் உடலைத் தூக்கிக்கொண்டு போகிற பத்தியில். வாசகனையும் கூட்டத்தின் கண்ணாலேயே பார்க்க வைத்துவிட்டுப் பிறகுதான் விடுவிக்கிறார். அதனால்தான் பாதிப்பேர் ‘பாவம், தெரியாமல் நடந்துவிட்டது’ என்று படித்துவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பத்திக்குள்ளேயே அவன் கத்துவதும் இருக்கிறது, பிணத்தைப் பற்றிய வார்த்தைகளும் இருக்கின்றன. மிருகம் பேசாது.

மேகலா

எனக்கு 9ஆம் அத்தியாயத்தைவிட 10ஆம் அத்தியாயத்தின் தொடக்கம்தான் முக்கியம். மறுநாள் காலை. யார் என்ன சாக்கு சொல்கிறார்கள் என்று பாருங்கள்.

ரால்ஃப் நேராகச் சொல்கிறான்: நடந்தது கொலை. பிக்கி உடனே அவன் வாயை அடைக்கிறான். இருட்டு, இடி, மழை, பயந்திருந்தோம் என்கிறான். ரால்ஃப், தான் பயப்படவில்லை, எப்படி இருந்தேன் என்றே தெரியவில்லை என்கிறான். இந்த நாவலிலேயே நேர்மையான வரி அதுதான் என்பேன். பயத்தைச் சாக்காகச் சொல்லச் சொல்லி எடுத்து நீட்டுகிறார்கள், அவன் வாங்கிக்கொள்ள மறுக்கிறான்.

பிக்கி விடுவதில்லை. அடுத்து, விபத்து என்கிறான். அதற்கும் அடுத்து, இருட்டில் ஊர்ந்து வந்தது சைமனின் தப்பு, அவன் அரைக்கிறுக்கு, தானே வரவழைத்துக்கொண்டான் என்கிறான். அப்புறம், நாம் வெளிவட்டத்தில்தான் இருந்தோம், எதையும் செய்யவில்லை, பார்க்கவில்லை. கடைசியில், ஆட்டத்தில் இருந்ததையே இரட்டையர்களிடம் சொல்லாதே. பயம், விபத்து, செத்தவன் தப்பு, நான் ஓரமாக இருந்தேன், நான் அங்கேயே இல்லை. ஒரு பேச்சுக்குள் ஐந்து படி. தீவிலேயே அறிவாளி என்று நாம் கொண்டாடுகிற பையன்தான் இதைச் செய்கிறான். அறிவு எதற்குப் பயன்படுகிறது பாருங்கள்.

பிறகு அந்த இரட்டையர்கள், சாமும் எரிக்கும், வருகிறார்கள். களைப்பாக இருந்ததால் சீக்கிரமே கிளம்பிவிட்டோம் என்கிறார்கள். சொல்லும்போதே சாமின் கை நெற்றியில் இருக்கும் கீறலுக்குப் போகிறது, சட்டென்று எடுத்துவிடுகிறான். எரிக் கிழிந்த உதட்டைத் தடவுகிறான். சீக்கிரம் கிளம்பினவனுக்கு உதடு எப்படிக் கிழிந்தது? ரால்ஃபும் பிக்கியும் கேட்பதில்லை. கேட்டால் இவர்களும் பதில் சொல்ல வேண்டும். நாலு பேரும் அங்கே இருந்தார்கள், நாலு பேருக்கும் மற்ற மூன்று பேர் இருந்தது தெரியும், எல்லோரும் சீக்கிரம் கிளம்பிவிட்டார்கள்!

நத்தை

சரி, இந்தக் கீறல் விஷயம் எனக்குத் தட்டுப்படவே இல்ல. ஒத்துக்கிறேன், நாலு பேரும் இருந்தாங்க. ஆனா ஜாக் கூட்டத்தோட இதைச் சேர்த்துப் பார்க்கணுமா? இவங்க நாலு பேருக்கும் குற்ற உணர்ச்சியாவது இருக்கு.

குறுந்தாடி

ஜாக் கூட்டத்திலும் ஒருவனுக்கு இருந்தது. அதே அத்தியாயத்தில், ஜாக் கூட்டம் தங்கியிருக்கிற கோட்டைப் பாறையில் நடக்கிற காட்சி. மிருகம் வேஷம் போட்டுக்கொண்டு வந்தது என்கிறான் ஜாக். ஸ்டான்லி என்ற பையன் தயங்கி, ஆனால் நாம்தானே, நாம்தானே, என்று இழுக்கிறான். ஜாக் ஒரேயடியாக இல்லை என்கிறான், அதைக் கொல்ல எப்படி முடியும் என்கிறான். அந்த வினைச்சொல் வாயிலிருந்து வருவதற்குள் அவனுக்கே திணறுகிறது. ஸ்டான்லி அதோடு சரி.

இரண்டு கூட்டமும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஒரு பக்கம் விபத்து, மறுபக்கம் மிருகம். வித்தியாசம் என்னவென்றால் ஜாக்கின் பொய்யை வைத்து ஆட்சி நடத்தலாம். மிருகம் சாகவில்லை என்றால் காவல் வேண்டும், காவல் என்றால் தலைவன் வேண்டும். பிக்கியின் பொய்யை வைத்து ராத்திரி தூங்கலாம், அவ்வளவுதான்.

அகல்

இழையை முழுக்கப் படித்தேன். எல்லோரும் சைமனின் சாவைப் பற்றியே பேசுகிறீர்கள், பின்னால் பிக்கியும் சாகிறான். ஆனால் தீவில் விழுந்த சாவு இரண்டு இல்லை, மூன்று.

2ஆம் அத்தியாயம். முகத்தில் செம்மச்சம் உள்ள, ஆறு வயசுப் பையன். கூட்டத்தில் எழுந்து, ராத்திரி பாம்பு மாதிரி ஒன்றைப் பார்த்தேன் என்று சொன்னவன் அவன்தான். கொஞ்ச நேரத்தில் மலையுச்சியில் தீ மூட்டலாம் என்று ரால்ஃப் சொன்னதும் மொத்தக் கூட்டமும் ஓடுகிறது. பிக்கியின் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கித் தீ மூட்டுகிறார்கள். காட்டைச் சுத்தப்படுத்தவில்லை, காய்ந்த மரம் கிடக்கிறதா என்று பார்க்கவில்லை, ஆளை எண்ணவில்லை. தீ கீழே இறங்கிக் கால் மைல் சதுரத்துக்குக் காடு பிடித்துக்கொள்கிறது. அந்தப் பையன் எங்கே என்று முதலில் கேட்பவன் பிக்கி. கொடிகள் தீயில் வெடிக்க, பொடிசுகள் பாம்பு பாம்பு என்று அலறுகின்றன. ரால்ஃப், திரும்பிப் போயிருப்பான் என்று வெட்கத்தோடு முணுமுணுக்கிறான். அதற்கப்புறம் அந்தப் பையனைப் பார்த்தவர் யாருமில்லை.

இந்தச் சாவு நடந்தபோது முகத்தில் சாயம் கிடையாது, ஆட்டம் கிடையாது, ஜாக்கின் ஆட்சி கிடையாது. கூட்டத்தில் பேசுகிறவன் கையில் பிடிக்கிற சங்கு இருக்கிறது, தேர்தலில் ஜெயித்த தலைவன் இருக்கிறான், எல்லோரும் மீட்கப்பட வேண்டும் என்ற நல்ல நோக்கம் இருக்கிறது. தீவில் முதல் சாவு விழுந்தது நல்லவர்களின் ஆட்சியில்.

கடைசி அத்தியாயத்துக்கு வாருங்கள். கடற்படை அதிகாரி பாதி விளையாட்டாக, யாரும் சாகவில்லையே என்று கேட்கிறார். ரால்ஃப் சொல்லும் பதில்: இரண்டு பேர்தான், உடல்களும் போய்விட்டன. மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டால் தலையை ஆட்டுகிறான், தெரியாது. கொலையைக் கொலை என்று சொல்லத் துணிந்த ஒரே பையனுக்கும் அந்த மூன்றாவது பையன் கணக்கில் வரவில்லை.

நத்தை

அகல், இது நிஜமாவே விபத்துதானே? தீ மூட்டினது தப்பா? கப்பலுக்குப் புகை காட்டாம எப்படி மீள்றது?

அகல்

தீ மூட்டியது தப்பில்லை. மூட்டிய விதம் தப்பு. காட்டை ஒட்டிய மலையில் காய்ந்த கட்டையை ஆள் உயரத்துக்கு மேல் குவித்து மூட்டுகிறார்கள். அதில் புகையே வரவில்லை, வெறும் ஜுவாலைதான், அதை ரால்ஃபே சொல்கிறான். புகைக்குப் பச்சை இலை போட வேண்டும் என்பதே பிறகுதான் அவர்களுக்குத் தோன்றுகிறது. எந்த வேலைக்கு மூட்டினார்களோ அதற்கும் உதவாத தீ. சுற்றிலும் தீத்தடுப்புப் பட்டை இல்லை, காவல் இல்லை.

பெயர்ப்பட்டியல் எடுக்கச் சொல்லிப் பிக்கியிடம் ரால்ஃப் ஒப்படைத்திருந்தான். பூச்சி மாதிரி ஓடுகிற பொடிசுகளை நான் எப்படி எண்ணுவது என்கிறான் பிக்கி. அதுவும் நியாயம்தான், உதவிக்கு ஒருவனையும் கொடுக்கவில்லை. ஆனால் பட்டியல் இல்லாததன் விலை என்ன தெரியுமா? ஒருவன் காணாமல் போனான் என்று உறுதியாகச் சொல்லவே முடியாது. கொலை அல்ல, அலட்சியம். அந்த அலட்சியத்தைப் பேசாமல் விட்டதால் அடுத்த சாவைப் பேசாமல் விடுவது சுலபமாகிவிட்டது.

முன்சீப்

அகல் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். சட்டத்தில் இதற்குப் பெரிய வழக்கு நிற்காது. பன்னிரண்டு வயதுப் பையன் மேல் கவனக்குறைவால் விளைந்த மரணம் என்று போவது கஷ்டம். அறத்தின் கணக்கு வேறு.

கடலோரம்

புதுசாக வருகிறேன். இந்த விவாதம் முழுக்க கோல்டிங் சொன்னதை உண்மை என்று எடுத்துக்கொண்டு போகிறதே? 1965இல் டோங்காவில் ஆறு பள்ளி மாணவர்கள் படகில் கிளம்பி அட்டா என்ற ஆளில்லாத் தீவில் மாட்டிக்கொண்டார்கள். பதினைந்து மாசம். 1966 செப்டம்பரில் பீட்டர் வார்னர் என்ற ஆஸ்திரேலியப் படகுத்தலைவர் மீட்டபோது ஆறு பேரும் உயிரோடு, ஒற்றுமையாக. ஒருவன் கால் உடைந்து, மற்றவர்கள் கட்டுப்போட்டுக் குணமாக்கியிருந்தார்கள். அணையாமல் தீயைக் காத்தார்கள். சண்டை வந்தால் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் போய் மனசு ஆறிய பிறகு திரும்புவது என்று விதி. நாவல் பொய் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

குறுந்தாடி

கடலோரம், டோங்கா சம்பவம் அருமையானது. ஆனால் ஒன்று இன்னொன்றைப் பொய்யாக்காது, சூழ்நிலையே வேறு. ஆறு பேர், எல்லோரும் பதின்வயது, ஒரே பள்ளி, தாங்களே சேர்ந்து முடிவெடுத்துக் கிளம்பிய நண்பர்கள், கடலும் மீனும் பழக்கம். ஆறு வயசுக் குழந்தை ஒன்றுகூட இல்லை. கோல்டிங்கின் தீவில் ஒருவரை ஒருவர் பெயர் தெரியாத கூட்டம், அதற்குள் ஏற்கெனவே சீருடை போட்டு ஒரே தலைவனுக்குக் கீழ் நடந்துவந்த பாடகர் குழு. அந்தக் குழுதான் அப்படியே வேட்டைப்படையாகிறது. ஜாக் புதிதாகக் கூட்டம் சேர்க்கவில்லை, பள்ளிக்கூடம் சேர்த்துக் கொடுத்த கூட்டத்தை வைத்துக்கொண்டான்.

கோல்டிங் சாலிஸ்பரியில் பிஷப் வேர்ட்ஸ்வொர்த் பள்ளியில் பையன்களுக்குப் பாடம் எடுத்தவர், போரில் கடற்படை அதிகாரியாக நார்மண்டி தரையிறக்கத்தில் இருந்தவர். இரண்டு இடத்திலும் பார்த்ததைச் சேர்த்துத்தான் எழுதினார்.

இன்னொரு பக்கம், அதே 1954இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் முசாஃபர் ஷெரிஃப் 22 சிறுவர்களை முகாமில் இரண்டு அணியாகப் பிரித்துச் சண்டை வளர்த்த ஆய்வை எல்லோரும் கோல்டிங்குக்குச் சாட்சியாகக் காட்டுவார்கள். அதற்கு முந்தின வருஷம் நியூயார்க் மாநிலத்தில் அவரே செய்த முயற்சி தோற்றதை யாரும் சொல்ல மாட்டார்கள். அங்கே பையன்கள் முதலில் ஒன்றாகப் பழகியிருந்தார்கள், பெரியவர்கள் மூட்டிவிடுவதைக் கண்டுபிடித்து சண்டை போட மறுத்துவிட்டார்கள். இரண்டாவது முறை ஷெரிஃப் பழகவே விடாமல் பிரித்து வைத்தார், வேலை நடந்தது.

மேகலா

ரோஜரைப் பற்றி யாரும் எழுதவில்லை, நானே எழுதிவிடுகிறேன். 4ஆம் அத்தியாயத்தில் ஹென்றி என்ற பொடிசு மேல் கல் எறிகிறான். எறிகிறான், ஆனால் படாமல் எறிகிறான். ஹென்றியைச் சுற்றி ஆறு கஜம் குறுக்களவுக்கு ஒரு வட்டம், அதற்குள் எறியத் துணிவதில்லை. அப்பா அம்மா, பள்ளிக்கூடம், போலீஸ், சட்டம் எல்லாம் அந்தக் குழந்தையைக் காக்கின்றன என்கிறார் கோல்டிங். ரோஜரின் கையைத் தடுப்பது ரோஜரின் மனசாட்சி இல்லை, வெளியே இருந்து வந்த பழக்கம். பழக்கம் தேயத் தேய வட்டம் சுருங்குகிறது. 11ஆம் அத்தியாயத்தில் கோட்டைப் பாறை மேல் நெம்புகோலில் முழு எடையையும் போட்டு உருட்டிவிடும்போது வட்டமே இல்லை. பாறை பிக்கியைத் தூக்கி எறிந்து, சங்கைத் தூளாக்கி, நாற்பது அடி கீழே தள்ளுகிறது.

சைமனைக் கொன்றது எல்லோரும், பிக்கியைக் கொன்றது ஒருவன். இருந்தும் அந்த ஒருவனைத் தனியாக எடுக்க ஜாக் விடுவதில்லை. பிக்கி விழுந்த அடுத்த நொடி ஓடிவந்து, இதுதான் உனக்கும், நான் வேண்டுமென்றே செய்தேன் என்று ரால்ஃபைப் பார்த்துக் கத்துகிறான். தான் செய்யாததைத் தன்னுடையது என்கிறான். சைமன் விஷயத்தில் செய்ததை இல்லை என்றவன்!

கடலோரம்

இதே களத்தில் வேறு நாவல்கள் குற்ற உணர்ச்சியை வேறு மாதிரி கையாண்டிருக்கின்றனவா? எல்லோரும் கோல்டிங்கோடு நின்றுவிடுகிறோம்.

அகல்

இரண்டு சொல்கிறேன். ழூல் வெர்னின் ‘இரண்டு வருட விடுமுறை’, 1888. ஆக்லாந்திலிருந்து ஒரு கப்பலில் அடித்துச் செல்லப்பட்ட பதினைந்து பையன்கள். அங்கேயும் தேர்தல், அங்கேயும் பிரிவினை. கப்பல் எப்படிக் கரையிலிருந்து நழுவியது என்பது ரகசியம். பிரியான் என்ற பையனின் தம்பி ழாக் விளையாட்டாகக் கட்டுக்கயிற்றை அவிழ்த்துவிட்டவன். கதை நெடுக அவன் சிரிப்பதில்லை, ஆபத்தான வேலை எது வந்தாலும் நான் போகிறேன் என்கிறான். கடைசியில் எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொள்கிறான். மன்னிப்பும் கிடைக்கிறது. பொறுப்பு ஒரே ஒருவனிடம், காரணம் ஒரே ஒரு முடிச்சு. அதனால்தான் அங்கே மன்னிப்பு சாத்தியம். ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். கறுப்பினச் சிறுவன் மோகோ எல்லோருக்கும் சமைத்து உழைக்கிறான், தேர்தலில் அவனுக்கு ஓட்டு இல்லை. வெர்னுக்கு அதில் ஒரு உறுத்தலும் இல்லை.

இன்னொன்று ரிச்சர்ட் ஹியூஸின் ‘ஜமைக்காவில் ஒரு சூறாவளி’, 1929. கடற்கொள்ளையர் கப்பலில் மாட்டிய குழந்தைகள். பத்து வயசு எமிலி, கட்டிப்போட்டுக் கிடக்கிற டச்சுக் கப்பல்தலைவனைப் பயத்தில் கத்தியால் குத்திக் கொல்கிறாள். லண்டன் நீதிமன்றத்தில் கேள்வி வரும்போது உடைந்து அழுகிறாள், ரத்தத்தைப் பற்றி ஏதோ அலறுகிறாள். அதைக் கேட்டவர்கள் கொள்ளையர்தான் கொன்றார்கள் என்று முடிவு செய்து தூக்கில் போடுகிறார்கள். அவள் பொய்யும் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை. குழந்தை கொன்றிருக்கும் என்று யாருக்கும் தோன்றவே இல்லை. கோல்டிங்கைவிட இது எனக்குக் கடுமையான புத்தகம்.

நத்தை

சரி, நான் ஒரு குறுநாவல் எழுதப் பார்க்கிறேன், இதே மாதிரி களம். எங்கே சறுக்கும்னு அனுபவசாலிங்க சொல்லுங்களேன்.

குறுந்தாடி

சறுக்குகிற இடம் பெரும்பாலும் எண்ணிக்கை. நாலைந்து பேரை வைத்தால் கும்பல் உருவாகாது, ஒவ்வொருவனின் கையும் தெரியும், பொறுப்பை மறைக்க முடியாது. பெயரோடு எட்டு முதல் பத்துப் பேர், பெயரில்லாமல் இன்னும் ஒரு மடங்கு இருந்தால் கூட்டத்துக்குள் ஒளிய இடம் கிடைக்கும். வயது வித்தியாசம் குறைந்தது ஐந்து வருஷம் வேண்டும், காக்கப்பட வேண்டியவர்கள் இல்லாவிட்டால் அலட்சியம் என்ற குற்றமே வராது.

அடுத்தது பசி. வயிறு காய்ந்தால் நடக்கிற வன்முறைக்கு வாசகன் உடனே மன்னிப்பு கொடுத்துவிடுவான். கோல்டிங் தீவு முழுக்கப் பழத்தைத் தொங்கவிட்டது அதற்காகத்தான். பன்றிக்கறி இல்லாமலும் அவர்கள் பிழைப்பார்கள், வயிற்றுப்போக்குதான் தொல்லை.

பிறவிக் கொடூரன் ஒருவனை முதல் பக்கத்திலேயே காட்டிவிட்டால் மற்ற எல்லோரும் தப்பித்துவிடுவார்கள். ஜாக் முதல் அத்தியாயத்தில் கத்தியை ஓங்கிவிட்டுக் குட்டிப்பன்றியைக் குத்த முடியாமல் நிற்கிறான், அந்த இடம் இல்லாவிட்டால் நாவலே இல்லை. வன்முறைக்கு முன்னால் ஒவ்வொருவனுக்கும் விலகிப் போக ஒரு வாய்ப்பை வைத்துவிடுங்கள், சின்னதாக இருந்தாலும் போதும்.

மன்னிப்புக் காட்சியில் ஜாக்கைக் கவனியுங்கள். தீயை அணையவிட்டுக் கப்பலைத் தவறவிட்டதற்கு மன்னிப்புக் கேட்கிறான், எல்லோரும் அவன் பெருந்தன்மையை மெச்சுகிறார்கள். சற்று முன் பிக்கியை அடித்துக் கண்ணாடியை உடைத்ததற்குக் கேட்கவில்லை. ரால்ஃபுக்கு மட்டும் அது உறுத்துகிறது. சின்னக் குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்டுப் பெரியதை விழுங்குகிற ஆளை எழுதத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

மேகலா

ஒன்று சேர்க்கிறேன். பெரியவர்களை மறந்துவிடாதீர்கள். பையன்கள் தீவுக்கு வந்ததே அணுகுண்டுப் போரிலிருந்து தப்பிக்கத்தான். மலை மேல் மிருகமாகத் தெரிந்தது சண்டையில் செத்து பாராசூட்டோடு இறங்கிய ஒரு சிப்பாயின் உடல். கடைசியில் மீட்க வருகிறவரும் போர்க்கப்பல் அதிகாரிதான், பிரிட்டிஷ் பையன்கள் இன்னும் நன்றாக நடந்திருக்க வேண்டாமா என்று முகம் சுளிக்கிறார். இதற்காகப் பையன்களின் பொறுப்பு குறைந்துவிடாது, ஆனால் கண்டிக்கிற தகுதி அவருக்கு இல்லை.

நத்தை

முன்சீப் சார், கடைசியா ஒரு கேள்வி. இவங்க ஊர் திரும்பி, யாராவது புகார் கொடுத்து, 1954 இங்கிலாந்துல வழக்குன்னு வந்தா யார் உள்ளே போவாங்க?

முன்சீப்

தண்டனையை முதலில் சொல்லிவிடுகிறேன். கொலை என்று தீர்ப்பு வந்தாலும் பதினெட்டுக்குக் கீழ் தூக்கு கிடையாது, அரசியின் விருப்பம் உள்ளவரை காவல். ஆனால் அதுவரை போகாது.

பிக்கி சாவு: ரோஜர் மேல் வலுவான வழக்கு, எட்டு வயதைத் தாண்டியவன், கீழே ஆள் நிற்பது தெரிந்துதான் தள்ளினான். ஜாக் பிறகு ‘நான்தான்’ என்று கத்தியது அவனைக் கொலையாளி ஆக்காது. நடந்து முடிந்த குற்றத்தைப் பின்னால் ஏற்றுக்கொள்வது கிரிமினல் சட்டத்தில் பங்காளித்தனம் இல்லை. முன்கூட்டியே தூண்டினான் என்று காட்ட வேண்டும். அடுத்த நொடி ரால்ஃப் மேல் ஈட்டி எறிந்ததற்கு மட்டும் ஜாக் தானாக மாட்டுவான்.

சைமன் சாவு: உடல் கடலில். பார்த்தவர்கள் எல்லோரும் கூட்டாளிகள். கூட்டாளியின் சாட்சியைத் தனி ஆதாரமில்லாமல் நம்புவது ஆபத்து என்று அன்றைய நீதிபதி ஜூரியை எச்சரித்தாக வேண்டும். சத்தியப்பிரமாணம் எடுக்க முடியாத பொடிசுகளின் சாட்சிக்கு 1933 சட்டத்தின் 38ஆம் பிரிவுப்படி வேறு ஆதாரம் கட்டாயம் வேண்டும். தனி ஆதாரம் என்ன இருக்கிறது? சாமின் நெற்றிக் கீறல் அதற்குள் ஆறியிருக்கும்.

ரால்ஃபின் ஒப்புதலை எடுக்கலாமே என்பீர்கள். நடந்தது கொலை என்று அவன் சொன்னது அனுமானத்தை உடைக்கக் கச்சிதமான வாக்கியம், தவறு தெரிந்திருந்தது என்பதற்கு அத்தாட்சி. ஆனால் அதை அவன் சொன்னது பிக்கி ஒருவனிடம், இரட்டையர்கள் வருவதற்கு முன்னால். பிக்கி செத்துவிட்டான். அதிகாரியிடம் இரண்டு பேர் என்று சொன்னது சாவை ஒப்புக்கொள்கிறது, கையை ஒப்புக்கொள்ளவில்லை. ரால்ஃப் கூண்டில் ஏறித் தானே மறுபடி சொன்னால்தான் உண்டு, அப்படிச் சாட்சியாகச் சொன்னால் அது மற்றவர்களுக்கு எதிராகவும் செல்லும், ஆனால் அதுவும் ஒரு கூட்டாளியின் சாட்சிதான்.

நத்தை

அப்போ தலைவன் யாருன்னு அதிகாரி கேட்டப்ப ஒரு காலை முன்னே வச்சுட்டு நின்னுட்டானே ஜாக், இடுப்புல பிக்கியோட உடைஞ்ச கண்ணாடி தொங்குது. அது ஆதாரம் ஆகாதா?

முன்சீப்

திருட்டுக்கு ஆகும்.